நீர்வீழ்ச்சி முறையும் கணினித் திட்டங்களும்

ஒரு காலத்தில் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வேலை பால்மரம் வெட்டுவதும் வெளிக்காட்டு வேலையும்தான். படித்த ஒருவர் கிராணி ஆனால் அதுவே பெரிய பதவி. இன்று ரந்தாவ், லாபு, பகாவ், கெமஞ்சே வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் கணினித் துறையிலும் பணிபுரிகின்றனர். அதே வேளையில் ஆலயங்களும் அறவாரியங்களும் நன்கொடைப் பதிவு, உபயப் பட்டியல், அர்ச்சனைச் சீட்டு ஆகியவற்றைக் கணினிக்கு மாற்றி வருகின்றன. இதற்குச் செலவாகும் ஒவ்வொரு வெள்ளியும் மெய்யன்பர்கள் மனமுவந்து தந்த பணம். ஆகவே மென்பொருள் எவ்வாறு உருவாகிறது, அதில் பணம் எங்கே வீணாகிறது என்பதை நாமும் அறிந்திருப்பது நன்று.

கணினி என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் கட்டளைத் தொகுப்பே மென்பொருள். அதை உருவாக்கும் பழைய முறைகளுள் பெயர் பெற்றது ‘நீர்வீழ்ச்சி முறை’. முதலில் தேவைகளைக் கேட்டு எழுதுவார்கள். அடுத்தது வடிவமைப்பு. அதன்பின் கட்டளைகளை எழுதுவார்கள். பிறகு சோதனை. கடைசியாகப் பயன்பாட்டுக்குக் கொடுத்துப் பராமரிப்பார்கள். ஒரு படி முற்றாக முடிந்து ஒப்புதல் கிடைத்த பின்னரே அடுத்த படி. விழுந்த நீர் மீண்டும் மேலே ஏறாதது போல, முடிந்த படிக்குத் திரும்புவதில்லை என்பதே இதன் இலக்கணம்.

தோட்டத்து மறுநடவை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். நிலத்தை அளந்து, எந்த இனக் கன்று என்று முடிவு செய்து, பழைய மரங்களைச் சாய்த்து, ஒட்டுக்கன்றுகளை நட்டு, ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தண்டின் சுற்றளவு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் ஆன பிறகே மரம் வெட்டுக்கு வரும். இன்ன ஆண்டில் இன்ன வேலை, இவ்வளவு செலவு என்று முன்கூட்டியே கணக்கிடலாம். அது இம்முறையின் பலம். ஆனால் கன்றைத் தேர்ந்ததில் பிழை நேர்ந்திருந்தால் அது பால் வாளியில்தான் தெரியும். அதற்குள் ஆண்டுகள் போய்விடும். அது இதன் பலவீனம்.

கணினி வேலையைப் படிகளாகப் பிரிக்கும் வழக்கத்தை, அமெரிக்க வான் தற்காப்புக் கணினித் திட்டத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் பெனிங்டன் 1956இல் விளக்கினார். 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்பவர் ஒரு கட்டுரையில் இப்படிகளைப் படமாக வரைந்தார். நீர்வீழ்ச்சி என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. அது 1976இல் வேறு இருவர் எழுதிய கட்டுரையில் காணப்படுகிறது. வியப்புக்குரிய செய்தி என்னவென்றால், படத்தை வரைந்த ராய்ஸே அதை அப்படியே பின்பற்றுவது ஆபத்தானது, தோல்விக்கு இடம் தருவது என்று எழுதியிருந்தார். சோதனை கடைசியில் வருவதால் அடிப்படைப் பிழையும் கடைசியில்தான் வெளிப்படும் என்பதே அவர் கூறிய காரணம். முதலில் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து பார்க்கவேண்டும், பணம் கொடுப்பவரை இடையிடையே அழைத்துக் கலந்து பேசவேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். படத்தை எடுத்துக்கொண்ட பலர் எச்சரிக்கையை விட்டுவிட்டனர்.

கடைசியில் வெளிப்படும் கோளாறு எத்தகையது என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று உண்டு. செப்பாங்கில் செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் எழுந்த கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தை, நம் மாநில ஆட்சியாளராக இருந்து மாமன்னரான துவாங்கு ஜாஃபார் அவர்கள் 1998 ஜூன் 27ஆம் நாள் திறந்துவைத்தார். தொடக்க நாட்களில் விமானங்களுக்கு நிறுத்துமிடம் ஒதுக்கும் அமைப்பு தடுமாறியது. பயணப் பெட்டிகள் தவறின. ஐந்து மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்களும் உண்டு. ஜூலை 6ஆம் நாள் செயல்படத் தொடங்கிய ஹாங்காங் புதிய விமான நிலையத்திலும் கணினிக் கோளாறால் சரக்குகள் தேங்கின. தனித்தனியே ஓடும் பகுதிகள், பயணிகளின் கூட்டத்தோடு ஒரே நாளில் ஒன்றுசேரும்போதுதான் உண்மையான சோதனை நடக்கிறது. பின்னர் பெரும்பாலான குறைகள் சீர்செய்யப்பட்டன.

இதற்கு மாறான வழியும் உண்டு. இந்திய ரயில்வேயின் கணினி முன்பதிவு 1985இல் புது டெல்லியில் மட்டுமே தொடங்கியது. பிறகு சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு விரிந்தது. 1999இல்தான் ஐந்து மையங்களும் ஒரே வலையமைப்பாக இணைந்தன. சிறிதாகத் தொடங்கி, மக்கள் பயன்படுத்துவதைப் பார்த்து, பின் பெரிதாக்கிய முறை இது. 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்களும், இயங்கும் மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக அடிக்கடி கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை வெளியிட்டனர்.

அப்படியானால் நீர்வீழ்ச்சி முறை தவறா? இல்லை. கோபுரத்தின் அடித்தளத்தை, மேல்நிலை எழுந்த பிறகு மாற்ற முடியாது. அங்கே முழுத் திட்டமும் முன்னரே வேண்டும். தேவைகள் தெளிவாகவும் மாறாமலும் இருக்கும் கணினி வேலைக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் நம் தேவைகள் அவ்வளவு தெளிவானவை அல்ல. ஒரே உபயத்தை மூன்று சகோதரர்கள் பகிர்ந்து செய்வார்கள். தந்தை காலமானபின் மகன் பெயருக்கு உபயம் மாறும். இவை செயலவைக் கூட்டத்தில் யாருக்கும் நினைவுக்கு வரமாட்டா. முகப்பில் ரசீது எழுதும் பெரியவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் எழுதிய தேவைப் பட்டியலின் குறை, தைப்பூசத்தன்று வரிசை நீளும்போதுதான் தெரியவரும்.

ஆகவே மென்பொருளுக்குப் பணம் ஒதுக்கும் செயலவையினர் சிலவற்றைக் கவனிக்கலாம். ரசீது எழுதுபவரைத் தொடக்கத்திலேயே அழைத்துப் பேசச் செய்யுங்கள். முதலில் நன்கொடை ரசீதை மட்டும் செய்துதரக் கேளுங்கள். தாளில் உள்ள விளக்கத்துக்கு அல்லாமல், கண்ணெதிரே இயங்கும் பகுதிக்கே தவணை கொடுங்கள். திருப்பணி நடக்கும்போது வழிபாடு நின்றுவிடாதிருக்க நாம் பாலாலயம் அமைக்கிறோம் அல்லவா? அதுபோலப் புதியது நிலைபெறும் வரை பழைய பேரேட்டையும் தொடர்ந்து எழுதிவாருங்கள்.

உழைப்பால் வந்த காசு அது. பிழையைத் தொடக்கத்தில் கண்டால் ஒரு தாளைக் கிழித்து மாற்றி எழுதினால் போதும். கடைசியில் கண்டால் அந்தக் காசுதான் கரையும்.