பேத்திக்குத் தலையணை வேண்டாம்

தில்லிக் குளிரைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிசம்பர் பிறந்தால் பரணிலிருந்து ரஜாய் இறங்கும், டிரங்குப் பெட்டியிலிருந்து ஸ்வெட்டர் வெளியே வரும். 2023 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குக் கூடவே ஒரு பேத்தியும் வந்து சேர்ந்தாள். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒரு சின்னத் தலையணை கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பஞ்சு இல்லை, கடுகு! அதில் படுத்தால் குழந்தையின் தலை உருண்டையாக வரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

சந்தோஷமாக வாங்கிப் பேத்தியின் தலைக்கு வைத்தேன். பால் கக்கினால் புரையேறக் கூடாதே என்று ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு துண்டைச் சுருட்டி அண்டக் கொடுத்து, குல்லாய் மாட்டி, குட்டி ரஜாயையும் போர்த்திவிட்டுச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நான் செய்த அலங்காரம் எல்லாம் நாற்காலியில் கிடக்கிறது. பேத்தி வெறும் மெத்தையில் மல்லாந்து தூங்குகிறாள்.

"என்னடி இது?"

"மல்லாக்கத்தான் போடணும்மா. தலையணை, ரஜாய் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"உன்னையும் உன் அண்ணனையும் நான் வளர்க்கலையா?"

எல்லா அம்மாக்களும் சொல்லும் வசனம்தான். இரண்டு நாள் சரியாகப் பேச்சு இல்லை. மாப்பிள்ளை செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். மூன்றாம் நாள் மகளே ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினாள்.

தொண்டையில் மூச்சுக்குழல் முன்பக்கம், உணவுக்குழல் பின்பக்கம். குழந்தை மல்லாந்து படுத்திருந்தால் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமானால் மேட்டில் ஏற வேண்டும். குப்புறப் படுத்தால்தான் அது பள்ளம். இத்தனை வருஷம் நான் பயந்தது நேர் எதிர்த்திசையில்! ஒருக்களித்துப் போடுவதும் உதவாதாம். குழந்தை சற்றே அசைந்தாலும் குப்புறச் சாய்ந்துவிடும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் பேத்தி இல்லை.

என் மகன் 1984-இல் ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் பிறந்தான். ஊரிலிருந்து துணைக்கு யாரும் வர முடியாத நிலை. மைத்துனர் அமெரிக்காவிலிருந்து டாக்டர் ஸ்பாக் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகத்தை வாங்கி வந்தார். 1946-இல் முதலில் வெளிவந்து உலகமெல்லாம் விற்ற புத்தகம். ஆரம்பப் பதிப்புகளில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னவர், 1958 பதிப்பிலிருந்து குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று மாற்றினார். கக்கினால் மூச்சு அடைக்காது என்பதுதான் சொன்ன காரணம். எனக்கு அது வேதவாக்கு. பிளாக்கில் ஆங்கிலம் படித்த தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான் என்பதால், மற்றவர்களுக்கும் படித்துச் சொல்லும் பெருமை வேறு.

எதிர் வீட்டில் ஒரு திருநெல்வேலிப் பெண். 1986 ஜனவரியில் அவளுடைய மூத்த குழந்தைக்கு மூன்று மாதம். படுக்க வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப்போட்டு விழித்துக்கொள்ளும். "என்ன செய்யலாம் அக்கா?" என்று கேட்டாள். குப்புறப் போட்டுப் பார் என்றேன். மறுநாள் முகமெல்லாம் மலர்ந்து வந்து, "ராத்திரி நல்லாத் தூங்கினான் அக்கா" என்றாள். பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலை அவள் அலறியதில் பிளாக்கே எழுந்தது.

காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. டாக்டருக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. மாமியார் சொன்னார்: "தூக்கத்தில் இவ மேல புரண்டிருப்பா." அவள் பதில் பேசவில்லை.

மகள் சொன்னதைக் கேட்ட பிறகு நான் தேடிப் படித்தேன். குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து தூங்குகிறது, உண்மைதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மூக்கு மெத்தையில் பதிந்து, தான் விட்ட காற்றையே திரும்ப இழுக்கும்போது, மூச்சு முட்டுகிறது என்று உணர்ந்து விழித்துத் தலையைத் திருப்ப வேண்டும். அந்த விழிப்பு வருவதில்லை. உடம்புச் சூடும் ஏறிவிடுகிறது. இரண்டிலிருந்து நான்கு மாதம் வரை ஆபத்து மிக அதிகம்.

1987-இல் நெதர்லாந்திலும், 1991-இல் பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் குப்புறப் போடாதீர்கள் என்று பிரசாரம் செய்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-இல் சொன்னது. 1994-இல் அங்கே பெரிய இயக்கமே நடந்தது. அதன்பின் பத்தாண்டுக்குள் காரணம் தெரியாத தொட்டில் மரணங்கள் அங்கே பாதிக்கும் கீழே இறங்கின. 2005-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பழைய கணக்குகளைக் கூட்டிப் பார்த்தபோது, 1970-லேயே ஆதாரம் இருந்திருக்கிறது என்று தெரிந்ததாம். அப்போதே கவனித்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கு மேல், மற்ற மேலை நாடுகளையும் சேர்த்தால் 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. நான் புத்தகத்தைப் படித்துக் காட்டியது 1986-இல்.

அந்தக் குடும்பம் பிறகு நாக்பூருக்கு மாற்றலாகிப் போனது. பொங்கல் வாழ்த்து மட்டும் விடாமல் வரும். சென்ற வருஷம் அவள் பெண்ணுக்கு வளைகாப்பு என்று போனில் சொன்னாள். அப்போதுதான் சொன்னேன், மல்லாக்கப் படுக்க வை என்று. காரணத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ அன்னிக்கு…"

"அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆனா குப்புறப் போடச் சொன்னது நான்தான்."

"நான் மேல புரளலை அக்கா. எனக்குத் தெரியும்" என்றாள். முப்பத்தெட்டு வருஷம் கழித்து, அதை மட்டும்தான் சொன்னாள். பிறகு குரலைச் சரி செய்துகொண்டு, "அப்படின்னா பிள்ளையைக் குப்புறப் போடவே கூடாதா? கழுத்து எப்படி நிக்கும்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. தூங்கும்போதுதான் கூடாது. விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, கட்டாயம் குப்புறப் போட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாட்களிலேயே தினம் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் என்று தொடங்கலாம். ஏழு வாரம் ஆகும்போது நாள் முழுவதும் சேர்த்துப் பதினைந்திலிருந்து முப்பது நிமிடம் வரை கொண்டுவரலாம். தவழாத குழந்தைக்கு நாளுக்கு முப்பது நிமிடமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. கழுத்தும் தோளும் உரம் பெறும். எந்நேரமும் மல்லாந்து கிடந்து பின்மண்டை தட்டையாவதும் குறையும். கடுகுக்கு வேலையே இல்லை!

இதில் நமக்குப் புதிது என்ன இருக்கிறது? காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் எண்ணெய் தேய்த்த பாட்டிகள் நம்முடையவர்கள். பிள்ளைத்தமிழில் இரண்டாவதாக வரும் செங்கீரைப் பருவமே, ஐந்தாம் மாதத்தில் குழந்தை கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவதுதானே! என் பேத்தி முதலில் வீறிட்டு அழுதாள். மகள் சாய்ந்து உட்கார்ந்து தன் மார்மேல் குப்புறப் போட்டுக்கொண்டாள். அம்மா முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினாள். வயிறு நிறைந்த உடனே மட்டும் போடாதீர்கள், அத்தனையும் புடவையில்தான்.

குளிர்காலத்துக்காக இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். நாம் போட்டிருப்பதைவிட ஒரு சட்டை கூடுதலாகப் போட்டால் போதும். நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாய் வேண்டாம். ஒரே அறையில் படுக்கலாம், ஒரே ரஜாய்க்குள் கூடாது. இலவம்பஞ்சு மெத்தையைவிடத் தரையில் பாயும், மடித்து இறுக்கி விரித்த போர்வையும் மேல். நம் ஒற்றை அறை வீடுகளுக்கு அதுவே வசதி. குழந்தையை வைத்துக்கொண்டு சோபாவில் கண்ணயர்ந்துவிடாதீர்கள். பீடி, சிகரெட் வாசலோடு நிற்கட்டும். கதவை அடைத்துக்கொண்டு அங்கீட்டி மூட்டுவது குழந்தைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே எமன்.

தூளியைப் பற்றி நான் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். எனக்கும் தூளி பிடிக்கும். ஆனால் வளைந்த துணியில் மோவாய் நெஞ்சில் முட்டி மூச்சு தடைப்படலாம். ஆட்டித் தூங்க வைத்ததும் எடுத்துச் சமதளத்தில் போட்டுவிடுகிறோம். ஒரு வயதுவரை ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்கத்தான் போட வேண்டும். இரு பக்கமும் தானாகப் புரளப் பழகிய பிறகு, குழந்தையே குப்புறத் திரும்பினால் விட்டுவிடலாம். குறைமாதக் குழந்தை என்றால் டாக்டரைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாக்பூர்ப் பேரனுக்கு இப்போது ஏழு மாதம். போட்டோ வந்தது, கைகளை ஊன்றி, எச்சில் ஒழுகத் தலையை நிமிர்த்திப் பார்க்கிறான். கடுகுத் தலையணையை நேற்றுதான் பிரித்தேன். கடுகு நன்றாகவே இருந்தது. பஞ்சாபி அம்மாளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.