டிஏசிக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே ப்ரீஆம்ப் வேண்டுமா?

கச்சேரிகளைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்து, நல்ல ஸ்பீக்கரில் கேட்க ஆசைப்படுகிறவர்கள் நம்மில் பலர். கம்ப்யூட்டரில் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அவற்றை மின் அலையாக மாற்றுவது டிஏசி. அந்த அலையைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டுவது பவர் ஆம்ப். இரண்டுக்கும் நடுவே ப்ரீஆம்ப் என்று இன்னொரு பெட்டி. அதற்கும் தனியாகக் காசு. அது இல்லாமல் நேரே இணைத்தால் என்ன?

இணைக்கலாம். ஆனால் அது என்ன வேலை பார்த்தது என்று தெரிந்துகொண்டு இணைக்க வேண்டும்.

எல்.பி. ரெக்கார்டின் ஊசி தந்தது சில மில்லிவோல்ட்தான். அதை வளர்த்துக் கொடுக்க ப்ரீஆம்ப் தேவைப்பட்டது. டிஏசியோ சாதாரணமாக 2 வோல்ட் தருகிறது. 20 மடங்கு பெருக்கும் 100 வாட் ஆம்ப், 8 ஓம் ஸ்பீக்கரில் தன் முழு பலத்தைக் காட்ட 1.4 வோல்ட்டே போதும். ஆக, ப்ரீஆம்ப்பை எடுத்துவிட்டால் பலம் குறையாது, கடிவாளம்தான் போய்விடும். வால்யூம் குமிழ் இல்லாத டிஏசியை நேரே மாட்டினால் முதல் நொடியிலேயே முழுச் சத்தம். ட்வீட்டர் கருகலாம், காதும் கெடலாம்.

கம்ப்யூட்டரிலேயே வால்யூமைக் குறைத்துக்கொண்டால் போதாதா? ஆபத்து. ஏதாவது கோளாறில் அந்த அளவு திடீரென முழுசுக்குத் தாவிவிடலாம். டிஏசியிலேயே கட்டுப்பாடு இருப்பதுதான் நல்லது.

அந்தக் கட்டுப்பாடு டிஜிட்டல் முறையில் இருந்தால், ஒவ்வொரு 6 டெசிபெல் குறைப்புக்கும் ஒரு பிட் செலவாகும். சி.டி.யின் பாட்டு 16 பிட். 24 பிட் டிஏசியில் 8 பிட் உபரி. எனவே 48 டெசிபெல் வரை கணக்கில் நஷ்டமில்லை. ஆனால் டிஏசியின் சொந்த இரைச்சல் பாட்டோடு சேர்ந்து குறையாது. ஃபிளாட்டில் ராத்திரி மெதுவாகக் கேட்கும்போது தம்புரா நாதத்தின் அடியில் 'உஸ்' என்று கேட்டால், பெருக்கம் குறைந்த ஆம்ப்பே பொருத்தம்.

இன்னொன்று, ஆம்ப்பின் உள்வரு மின்தடை, டிஏசியின் வெளிவரு மின்தடையைப் போல் 10 மடங்காவது இருக்க வேண்டும். இரண்டு கையேடுகளிலும் பார்த்துக்கொள்ளலாம்.

போடும்போது முதலில் டிஏசி, வால்யூம் அடிமட்டத்தில், கடைசியில் ஆம்ப். அணைக்கும்போது முதலில் ஆம்ப்.

டி.வி., ரெக்கார்டு பிளேயர் எல்லாம் சேர வேண்டிய வீட்டுக்கு ப்ரீஆம்ப் தேவைதான். டிஏசி மட்டுமே, அதிலும் நல்ல வால்யூம் உண்டு என்றால், அந்தக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். வித்தியாசம் காதுக்கே தெரியும்.