குறையக் கூடாத ஆயில்

பெட்ரோல் எரிந்து தீரும். எஞ்சின் ஆயில்கூடக் கொஞ்சம் எரியும். பவர் ஸ்டீயரிங் ஆயில் அப்படிக் குறைய வழியே இல்லை. மூடிய குழாய்களுக்குள், பம்புக்கும் ஸ்டீயரிங் ரேக்குக்கும் இடையே அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருந்தால், எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். இது தெரியாமல் மாதாமாதம் கொஞ்சம் ஊற்றி ஓட்டுபவர்கள் நிறைய. ஒழுகும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் தீப்பிடிக்கலாம். பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும். ஆயில் வற்றிவிட்டால், திரும்பும்போதே ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும். ஆயில் குறைகிறது என்றால் முதலில் ஒழுகும் ஹோஸையோ சீலையோ மாற்றுங்கள். ஆயில் மாற்றுவது அதற்குப் பிறகு.

உங்கள் காரில் அந்த ஆயில் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10 போன்ற கார்களில் ஸ்டீயரிங்குக்கு உதவுவது மின் மோட்டார். ஆயிலுக்கு அங்கே வேலையே இல்லை. பழைய இன்னோவா, ஸ்கார்பியோ, டாடா சுமோ, இண்டிகா போன்றவற்றில்தான் ஆயில் அழுத்தம் வேலை செய்கிறது. மின் ஸ்டீயரிங் காருக்கு சர்வீஸ் பில்லில் ‘பவர் ஸ்டீயரிங் ஆயில்’ என்று ஒரு வரி இருந்தால், செய்யாத வேலைக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். அதைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எந்த ஆயில் என்பதில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. டப்பாவின் மூடியிலோ காரின் கையேட்டிலோ அது அச்சிடப்பட்டிருக்கும். சில கார்களுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். சிலவற்றுக்குத் தனி ஸ்டீயரிங் ஆயில். ஹோண்டா தன் பழைய கார்களின் கையேட்டிலேயே, தன்னுடைய ஸ்டீயரிங் ஆயிலைத் தவிர வேறெதையும், ஏடிஎஃப்பைக்கூட, ஊற்றக் கூடாது என்று எச்சரிக்கிறது. சிவப்பாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். பிரேக் ஆயிலை மட்டும் இதில் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. அது கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. ஸ்டீயரிங்கின் ரப்பர் சீல்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பக்கத்துப் பக்கத்து டப்பாக்கள் என்பதால் மாற்றி ஊற்றிவிட்டால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். வண்டியைக் கட்டி இழுத்து ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோவதே செலவு குறைந்த வழி. ஓட்டினால் பம்பும் ரேக்கும் சேர்ந்து போகும்.

வீட்டில் செய்ய விரும்புபவர்களுக்கு நான் சொல்வது சிரிஞ்ச் முறைதான். எஞ்சின் ஆறியபின், பெரிய சிரிஞ்சால் டப்பாவில் உள்ள பழைய ஆயிலை உறிஞ்சி எடுங்கள். மூடியைச் சுற்றியுள்ள தூசியை அதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும். புது ஆயிலை டப்பாவில் குறித்துள்ள கோடு வரை ஊற்றி, எஞ்சினை ஓட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெதுவாகச் சில முறை திருப்பி, அணைத்துவிட்டு அளவைப் பாருங்கள். சில நாள் இடைவெளியில் இதையே திரும்பச் செய்தால், ஒவ்வொரு முறையும் பழையது கொஞ்சம் கழிந்து நிறம் தெளியும். மொத்தமாக மாறாதுதான். ஆனால் ஹோஸைக் கழற்ற வேண்டியதில்லை, காரைத் தூக்க வேண்டியதில்லை.

ரேக்கிலிருந்து டப்பாவுக்குத் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி முழுவதையும் வடிப்பவர்கள் பெரும்பாலும் முன்சக்கரங்களைத் தூக்க வேண்டியிருக்கும். உயிர் போகும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதை மட்டும் நம்பி அடியில் கையோ தலையோ நுழைக்கக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். எடை தாங்கும் இரண்டு ஜாக் ஸ்டாண்டு, சமதளம், பின்சக்கரங்களுக்குக் கட்டை, இழுத்த ஹேண்ட் பிரேக் ஆகியவை இல்லையென்றால் இந்த வேலையைத் தொடாதீர்கள். டப்பா காலியாக இருக்கும்போது பம்பை ஓடவிட்டால், ஆயில் இல்லாமல் அது தேய்ந்துபோகும். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பி அப்படியே பிடித்திருக்கவும் கூடாது. அந்த நிலையில் அழுத்தம் உச்சத்துக்கு ஏறுகிறது. ஓடும் எஞ்சினில் கசிவைத் தேடிக் கையால் ஹோஸைத் தடவுவது அதைவிட மோசம். ஊசித்துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னக் காயம்தான், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம்.

புது ஆயில் நுரைத்திருந்தால் உள்ளே காற்று இருக்கிறது; நுரை அடங்கியபின் ஸ்டீயரிங்கை மறுபடி திருப்பிக் காற்றை வெளியேற்றலாம். பழைய ஆயிலில் உலோகத் துகள் மின்னினால் பம்ப் தேய்கிறது. எத்தனை முறை ஆயில் மாற்றினாலும் அது சரியாகாது. எடுத்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். கழிவு ஆயிலை அபாயகரக் கழிவுகளுக்கான 2016 விதிகள் கட்டுப்படுத்துகின்றன. மூடி இறுகிய கேனில் சேர்த்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பிடம் கொடுங்கள்.

‘வெளியே கைவைத்தால் வாரண்டி போச்சு’ என்று சர்வீஸ் சென்டரில் மிரட்டினால் பயப்பட வேண்டாம். கார் நிறுவனங்கள் தொடர்பான 2014 ஆகஸ்ட் உத்தரவில் இந்தியப் போட்டி ஆணையம், வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது. தவறான பழுதுபார்ப்பால் உண்டான சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம். நீங்களே தவறான ஆயிலை ஊற்றியிருந்தால் அந்தச் சேதம் உங்களுடையதுதான். அதனால் ஆயில் பாட்டிலின் லேபிளையும் பில்லையும் எடுத்துவையுங்கள். போலி ஆயில் என்று தெரியவந்தால் விற்றவரைப் பிடிக்கவும் அந்த பில்தான் உதவும்.

ஒர்க்ஷாப்பில் கொடுக்கும்போது, சீல் உடைக்காத பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய ஆயிலின் வகையை பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். வேலை மோசமாக இருந்தால், அதே இடத்தில் மறுபடி பிரிக்க விடுவதற்கு முன் படம் எடுங்கள். இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டி, அவர் கண்டதை எழுதி வாங்குங்கள். பிரித்துவிட்டால் ஆதாரம் போய்விடும். எழுத்தில் புகார் கொடுத்தும் பலனில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வேலை பார்த்த ஒர்க்ஷாப் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம்.