கலங்கல் நீரில் கயிறே கண்

'குளித்தல்' என்னும் சொல் இன்று நீராடுதலையே குறிக்கிறது. ஆயினும் முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னும் தொடர்களில் அதன் மற்றொரு பொருளாகிய மூழ்குதல் மாறாமல் நிற்கின்றது. குளத்தில் திடீரென அமிழ்ந்து வேறோர் இடத்தில் தலைகாட்டும் சிறு பறவைக்கு முக்குளிப்பான் என்று பெயர். அது அமிழ்ந்த இடமும் எழுந்த இடமும் கரையில் நிற்பவருக்குத் தெரியும். இடையே அது சென்ற வழி தெரியாது. சிங்கப்பூரின் தென் தீவுகளை ஒட்டிய கடலில் மூழ்குவோர்க்கோ, தாம் வந்த வழியே பல வேளைகளில் தெரிவதில்லை. நீர் அத்துணைக் கலங்கல்.

மாலத்தீவு போன்ற இடங்களில் நீருக்கடியில் 20, 30 மீட்டர் தொலைவு வரை பார்க்கலாம். சிங்கப்பூர்க் கடலில் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. மோசமான நாள்களில் நீட்டிய கையின் விரல்களே மறைந்துவிடும். இங்குக் கடல் ஆழம் குறைந்தது, ஓதநீரோட்டம் வலியது, அடியில் கிடக்கும் வண்டல் அடங்குவதற்குள் மறுபடியும் கிளறப்படுகின்றது. கப்பல் போக்குவரத்தும் கடலைத் தூர்த்து நிலமாக்கிய பணிகளும் அவ்வண்டலைப் பெருக்கின. 1960-இல் ஏறத்தாழ 580 சதுரக் கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூரின் நிலப்பரப்பு இன்று 730-ஐத் தாண்டியுள்ளது. நிலம் பெற்ற பேற்றுக்குக் கடல் கொடுத்த விலையில் இக்கலங்கலும் ஒரு பகுதி. ஒளியை நம்பி வாழும் பவளங்கள் இங்கே நீர்மட்டத்தை அடுத்த சில மீட்டர் ஆழத்திற்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுவதற்கும் இதுவே காரணம்.

நீரின் தெளிவை அளக்க எளிய கருவி ஒன்றுண்டு. இத்தாலிய வானியல் அறிஞரும் கத்தோலிக்கப் பாதிரியாருமான ஆஞ்செலோ செக்கி, 1865-இல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் வெண்ணிறத் தட்டுகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே அந்நீரின் தெளிவுக்கு அளவாயிற்று. மின்கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் செக்கித் தட்டு வழக்கொழியவில்லை. பள்ளி மாணவரும் ஒரு வெள்ளைத் தட்டையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

கலங்கல் நீரில் கண் ஏன் தோற்கிறது? நீர் ஒளியை உறிஞ்சுகிறது என்பது ஒன்று. சிவப்பு நிறம் முதற் சில மீட்டர்களுக்குள்ளேயே தேய்ந்துவிடும். அதனினும் பெரிய தடை, மிதக்கும் துகள்கள் ஒளியை நாற்புறமும் சிதறடிப்பது. இருட்டு என்று எண்ணி வலிய கைவிளக்கை நேரே பாய்ச்சினால், பனிமூட்டத்தில் வண்டியின் முன்விளக்கை ஏற்றியதுபோல் எதிரே ஒரு வெண்சுவர் எழும். விளக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தால் ஓரளவு பயன் உண்டு. தொலைவு பற்றிய தீர்ப்பும் பிழைபடும். கண்ணாடி முகமூடி அணிந்தவருக்குத் தெளிந்த நீரில் 4 மீட்டரில் உள்ள பொருள் 3 மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். இஃது ஒளிவிலகலின் விளைவு. கலங்கல் நீரிலோ, மங்கிய பொருள் உண்மையில் இருப்பதைவிட எட்டத்தில் இருப்பதாக மனம் கணக்கிட்டுவிடுகிறது.

முகமூடியே கழன்று போனால் நிலை இன்னும் இடர்ப்பாடானது. கண்ணின் ஒளிகுவிக்கும் ஆற்றலில் பெரும்பங்கு விழிவெண்படலத்திற்கும் காற்றிற்கும் உள்ள எல்லையிலேயே கிடைப்பது. நீர் பட்டதும் அது ஏறத்தாழ இல்லாமற் போகும். அந்தமான் கடலில் வாழும் மோக்கன் மக்களின் சிறுவர், முகமூடி இன்றியே ஐரோப்பியச் சிறுவரைவிட இருமடங்கு நுட்பமாக நீருக்கடியில் காண்கின்றனர் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வியப்புக்குரிய திறன்தான். ஆனால் வண்டலை ஊடுருவ அத்திறனாலும் இயலாது.

படகிலிருந்து குதிப்பவரைவிடக் கரையிலிருந்து இறங்குபவருக்கே பொருள் இழக்கும் வாய்ப்பு மிகுதி. முதுகில் காற்றுக்கலன், இடுப்பில் ஈயப்பட்டை, கையில் துடுப்புக் காலணி. இவ்வளவு சுமையுடன் அலை உடையும் இடத்தைக் கடக்க வேண்டும். மணல் மிகுதியாகக் கிளறப்படும் இடமும் அதுவே. இடுப்பளவு நீரில் ஓர் அலை அறைந்து முகமூடியைப் பறித்துக்கொண்டு போகும். ஆழ்கடலில் தொலைந்தவற்றைவிட இந்த இடுப்பளவு நீரில் தொலைந்தவை பல என்பது மூழ்குவோர் வழக்கமாகக் கூறும் குறை. போதாக்குறைக்கு, விற்பனைக்கு வரும் கருவிகளில் பெரும்பாலானவை கருநிறம். அழகுக்கு அது பொருந்தலாம். தேடுவதற்கு வெண்மையும் ஒளிர்மஞ்சளுமே ஏற்றவை.

பொருள் விழுந்தவுடன் அதைப் பிடிக்கப் பாய்வது மனித இயல்பு. அந்தப் பாய்ச்சலில் கால் துடுப்பு அடித்தரையைக் கிளறும். சற்றுமுன் தெரிந்ததும் மறையும். உடன் வந்த துணைவரும் காணாமற் போவார். துணைவரை இழந்தால் ஒரு நிமிடத்திற்கு மேல் தேடாமல், மெல்ல மேலே வந்து அங்குச் சந்திக்க வேண்டும் என்று பயிற்சியில் வற்புறுத்துவர். நூறு வெள்ளிப் பொருளுக்காக இவ்விதியை மீறுவோர் உண்டு. ஈயப்பட்டை கழன்று விழுந்தாலோ இடர் வேறு வகை. அப்போது உடல் தானாகவே மேலே எழும். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் நிறைந்த காற்று, நீர்மட்டத்தை அடையும்போது இருமடங்காக விரியும். கலனிலிருந்து காற்றை இழுத்தவர் மூச்சை அடக்கியபடி எழுந்தால், 2 மீட்டர் ஆழத்திலிருந்தும் நுரையீரல் கிழியக்கூடும். மூச்சை விட்டுக்கொண்டே எழுவதுதான் உயிர் காக்கும் வழி. பட்டையைப் பிறகு தேடலாம்.

அத்தேடலுக்குத் துணை கயிறு. பொருள் விழுந்த இடத்தில் ஒரு குண்டை வைத்து, அங்கே ஒருவர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருப்பார். மற்றவர் மறுமுனையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு அடித்தரையை ஒட்டி வட்டமிடுவார். புறப்பட்ட இடத்தில் அடையாளக் குச்சி ஒன்று இல்லையெனில், ஒரே வட்டத்தை மூன்று முறை சுற்றிவிட்டுக் களைத்துப் போகவும் கூடும். ஒரு வட்டம் முடிந்ததும் கயிற்றை நீட்டுவர். பார்வை எட்டும் தொலைவின் இருமடங்குக்கு மேல் நீட்டினால் இடையே ஒரு வளையம் தேடப்படாமல் விட்டுப்போகும்.

கணக்கு ஒன்று பார்க்கலாம். 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 314 சதுர மீட்டர். பார்வை இருபுறமும் 5 மீட்டர் எட்டினால், 31 மீட்டர் நீந்தியதும் அப்பரப்பு முழுவதையும் கண்டுவிடலாம். அரை மீட்டரே எட்டுமானால் 314 மீட்டர் நீந்த வேண்டும். நிமிடத்திற்கு 10 மீட்டர் சென்றாலும் அரைமணிக்கு மேலாகும். கலனில் காற்று அதுவரை இருக்க வேண்டுமே! பார்வை முற்றிலும் அற்ற நீரில் கையால் துழாவுவதே வழி. அப்போது கையுறை கட்டாயம் வேண்டும். நச்சுமுள் கொண்ட கல்மீன் இக்கடலில் உண்டு. தெளிந்த நீரிலேயே அதைக் கல்லிலிருந்து பிரித்தறிவது கடினம்.

கயிற்றின் பயனை மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர் நன்கு அறிந்திருந்தனர். இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அமைதியான காலத்தையே அவர்கள் தேர்ந்தனர். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் துணையால் விரைந்து இறங்குவார். தரை தொட்டதும் படகில் நிற்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். சிப்பி சேர்க்கும் பைக்கும் கயிறு உண்டு. அதை அசைத்தால் பையும் ஆளும் மேலே இழுக்கப்படுவர். கருவி என்று அவர்களிடம் இருந்தவை சிலவே. அவற்றுள் முக்கியமானவை எல்லாம் கயிற்றோடு பிணைக்கப்பட்டிருந்தன. கயிறு பிடிக்கும் பொறுப்பை மனைவியின் உடன்பிறந்தானிடமே ஒப்படைப்பது வழக்கம் என்று கடற்கரை ஊர்களில் சொல்வர். உடன்பிறந்தாளின் தாலி காக்க வேண்டிய கை தளராது என்பது அதற்குக் கூறும் காரணம்.

இன்று கைவிளக்கையும் திசைகாட்டியையும் சிறு கயிற்றால் உடையோடு இணைத்துக்கொள்ளும் பழக்கமும் இவ்வகையினதே. கயிறு நீண்டு தொங்கினால் பவளத்தில் சிக்கும். முழங்கை நீளத்திற்குள் இருப்பது நன்று. மணிக்கட்டில் இறுகக் கட்டுவதும் தகாது. சிக்கிய பொருளை உடனே விட்டுவிட வேண்டிய வேளையும் வரும்.

இவ்வளவுக்குப் பின்னும் தொலைந்த பொருளுக்குக் கரையோர மூழ்குவோர் நாடக்கூடிய உதவி ஒன்று எஞ்சியிருக்கிறது. சிங்கப்பூரில் பேரோதக் காலத்தில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே நீர்மட்டம் 3 மீட்டர் அளவு வேறுபடுவதுண்டு. ஏற்றத்தின்போது இரண்டு மீட்டர் ஆழத்தில் விழுந்த ஈயப்பட்டை, நீரோட்டம் புரட்டாத அளவுக்குக் கனமானது. விழுந்த நேரத்தையும், கரையிலுள்ள மரம் ஒன்றையும் கம்பம் ஒன்றையும் நேர்கோட்டில் வைத்து விழுந்த இடத்தையும் குறித்துக்கொண்டவர், ஓத அட்டவணையைப் பார்த்து அடுத்த வற்றத்திற்கு வந்தால், அதை ஈரமணலில் நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாம்.