கடிகாரத்தின் பின்னால் ஒரு கடிதம்

1974ஆம் ஆண்டு தாதியர் பயிற்சிக்காக மான்செஸ்டர் போனேன். கெடா தோட்டத்தில் வளர்ந்த எனக்கு, வெள்ளைக்காரர் என்றாலே தோட்டத்துத் துரைதான். அவர்களிலும் ஏழைகள் உண்டு என்று எனக்குப் புரிய வைத்தவர், நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா.

அவர் 1938இல் ஓல்டம் நகரில் பிறந்தவர். பெற்றோர் இருவருக்கும் பஞ்சாலையில் வேலை. நம் லயத்து வீடுகளைப் போலவே ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடு, கழிப்பறை கொல்லைப்புறத்தில். வெள்ளிக்கிழமை இரவு கணப்பு நெருப்பின் முன் தகரத் தொட்டியை வைத்து, ஒரே தண்ணீரில் வீடே குளிக்குமாம்.

போர் 1945இல் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. போர்க்காலத்தில்கூடத் தாராளமாகக் கிடைத்த ரொட்டிக்கு 1946இல் பங்கீடு வந்தது. மிட்டாய்க்கு 1953 வரை, இறைச்சிக்கு 1954 வரை கூப்பன்தான்.

ஆனால் நல்லதும் நடந்தது. பள்ளியில் தினமும் இலவசப் பால். 1948 ஜூலை முதல் இலவச மருத்துவம். 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால், 11 வயதுத் தேர்வில் தேறினால் அரசு கிராமர் பள்ளியில் கட்டணமில்லாமல் படிக்கலாம்.

1949இல் அவர் தேறினார். கடிதம் வந்தது. கூடவே வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல்: கோட்டு, தொப்பி, காலணி, ஹாக்கி மட்டை. அவருடைய அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துக் கடிகாரத்தின் பின்னால் வைத்தார்.

"யாரும் போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை யாரும் திரும்ப எடுக்கவுமில்லை," என்றார் என்னிடம். 15 வயதில் அவரும் பஞ்சாலைக்குப் போனார்.

அன்றுதான் நானும் வாய் திறந்தேன். என் விமான டிக்கெட்டுக்காக அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் இருப்பதைச் சொன்னேன்.

"மீட்டாயிற்றா?"

"இன்னும் இல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இரண்டு மாத வாடகையை மெதுவாகத் தா. முதலில் அதை மீட்கச் சொல்," என்றார்.

சங்கிலி திரும்பி வந்தது. வாடகையையும் கொடுத்து முடித்தேன். ஆனாலும் பள்ளி திறக்கும் சமயத்தில், கடைகளில் சீருடைகளின் விலையைப் பார்த்துவிட்டு ஒரு தாய் தயங்கி நிற்பதைக் காணும்போது, கடிகாரத்தின் பின்னால் மடித்து வைத்த அந்தக் கடிதம்தான் நினைவுக்கு வருகிறது. கட்டணம் இல்லை என்பதால் மட்டும் படிப்பு இலவசமாகிவிடுவதில்லை.