பூமலைப் பூச்சிகளும் அவற்றின் பெயர்களும்

பாடநூல்களின்படி செப்டம்பர் மாதம் இலையுதிர்காலத்தின் தொடக்கம். தமிழ் மரபுக் கணக்கில் அஃது ஆவணியும் புரட்டாசியும் இணைந்த கார்காலம். நிலநடுக்கோட்டிற்குச் சற்றே வடக்கில் அமைந்த சிங்கப்பூருக்கு இவ்விரண்டும் முழுமையாகப் பொருந்துவதில்லை. இங்கு அது தென்மேற்குப் பருவக்காற்று ஓயும் காலம். விடியலில் மழை கொட்டி, முற்பகலில் வெயில் ஏறிவிடும் நாள்கள் உண்டு. பள்ளிகளுக்கு ஒரு வார விடுமுறையும் அப்போது அமைகிறது. நனைந்த இலைகள் காயத் தொடங்கும் அந்த முற்பகலே பூச்சிகளைக் காண்பதற்கு ஏற்ற பொழுது. வண்ணத்துப்பூச்சி வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொண்ட பின்னரே நன்கு பறக்கும்.

அதற்குரிய இடமாக நாம் தேர்ந்தெடுப்பது பூமலை. 1859ஆம் ஆண்டு இன்றைய இடத்தில் உருவாகி, 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற தோட்டம் இது. ‘தாவரவியல் பூங்கா’ என்று எழுதுவோரும் உளர். எனினும் இந்நாட்டுத் தமிழர் வழங்கிய ‘பூமலை’ என்னும் பெயரில் உள்ள உயிர்ப்பு அந்த மொழிபெயர்ப்பில் இல்லை என்பதே நம் கருத்து.

1866ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அன்ன ஏரியின் கரையிலிருந்து தொடங்குவோம். நீர்மேல் தாழப் பறந்து, நாணல் நுனியில் நான்கு சிறகுகளையும் விரித்தபடி அமர்வது தட்டான். சிறகுகளை முதுகின்மேல் சேர்த்து வைத்துக்கொள்ளும் மெலிந்த இனத்தை ஊசித்தட்டான் என்பர். இலங்கைத் தமிழர் தட்டானைத் ‘தும்பி’ என்கின்றனர். நம் மாணவர் பலரும் அப்பொருளிலேயே அச்சொல்லை அறிவர். இங்குதான் ஒரு சிக்கல் எழுகிறது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் ஒரு தும்பியை விளித்துத் தலைவியின் கூந்தலினும் நறுமணமுள்ள பூ உண்டோ என வினவுகிறான். அந்தத் தும்பி தட்டானாக இருக்க இயலுமா?

ஏரிக்கரையில் கால் மணி நேரம் நின்றால் விடை கிடைத்துவிடும். தட்டான் தேன் நாடிப் பூவுக்குச் செல்வதில்லை. அது வேட்டையாடும் உயிர். முள் நிறைந்த கால்களைக் கூடைபோல் குவித்துக் கொசுவையும் ஈயையும் பறந்தவாறே பிடிக்கும். பூவின் மணம் பற்றி அதனிடம் கேட்பதில் பொருளில்லை. எனவே குறுந்தொகைத் தும்பி, தேன் தேடும் வண்டினத்தைச் சேர்ந்தது. ஏரியை விட்டுப் பூச்செடிகளின் பக்கம் திரும்பினால், உரத்த ரீங்காரத்துடன் கரிய பெரிய வண்டொன்று வந்திறங்குவதைக் காணலாம். உலர்ந்த மரத்தில் வட்டமாகத் துளையிட்டுக் கூடமைக்கும் தச்சுத்தேனீ அது. பழம்பாடலின் தும்பி இதுவேதான் என்று நாம் அறுதியிட்டுக் கூறவில்லை. தேடவேண்டிய திசை இது என்கிறோம். (தும்பி என்பதற்கு யானை என்னும் பொருளும் உண்டு. அதனை இங்கே இழுத்துவந்தால் கட்டுரை முடியாது.)

தழைத்த மரக்கிளைகளில் பச்சை இலைகள் சேர்த்து ஒட்டப்பட்ட பந்துபோன்ற கூடுகளைப் பலரும் கவனியாமலே கடந்துவிடுகின்றனர். மலாய் மொழியில் ‘கெரெங்கா’ எனப்படும் செவ்வெறும்பின் கூடு அது. சில எறும்புகள் இலை விளிம்புகளை இழுத்துப் பிடித்திருக்க, வேறு சில தம் புழுக்களை வாயில் கவ்வி, அவை சுரக்கும் பட்டிழையால் விளிம்புகளை ஒட்டுகின்றன. ஊர்ப்புறத் தமிழில் இவ்வெறும்பு முசுறு, நற்றிணையில் முயிறு. உயிர், மயிர் என்பன பேச்சில் உசிர், மசிர் என ஒலிப்பதை இதனுடன் ஒப்பிடலாம். பேச்சுவடிவம் என்றாலே சிதைவு என்று திருத்தும் வழக்கம் நம் வகுப்பறைகளில் உண்டு. ஆனால் உயிரைத் தெலுங்கு ‘உசுரு’ என்கிறது. கன்னடத்திலும் சகர வடிவமே உள்ளது. அவ்வாறிருக்க, சகரத்தைப் பிற்காலப் பிழையென எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

தொல்காப்பியத்தின் மரபியல் கறையானையும் எறும்பையும் மூவறிவுயிராகவும், நண்டையும் தும்பியையும் நாலறிவுயிராகவும் வகுக்கிறது. மூவறிவுயிருக்குக் கண்ணறிவு இல்லை என்பது அதன் கருத்து. கறையானின் வேலைக்காரக் கூட்டத்திற்கு இது மிகப் பொருத்தம். மண்புற்றினுள் வாழும் அவற்றிற்குப் பார்வை இல்லை. முசுறுவின் கூட்டருகே விரலை அசைத்துப் பாருங்கள். அது உடலை உயர்த்தி விரல் செல்லும் பக்கம் திரும்பும். அதற்குக் கண்பார்வை நன்றாகவே உண்டு. இதனால் தொல்காப்பியர்க்கு இழுக்கில்லை. நூற்பாவை மனனம் செய்யும் மாணவர் அதனை ஒருமுறை மரத்தடியில் நின்று சோதிப்பது நூலுக்குச் செய்யும் மரியாதையே ஆகும்.

இனி, பலரும் காண விழையும் வண்ணத்துப்பூச்சி. மரம் ‘மரத்துக் கிளை’ என்றாவதுபோல, வண்ணம் அத்துச் சாரியை பெற்று ‘வண்ணத்து’ என்றாகிறது. சாரியையைக் கற்பிக்க இதனினும் இனிய எடுத்துக்காட்டு வேண்டா. வண்ணாத்திப்பூச்சி என்பது இலங்கை வழக்கு. பட்டாம்பூச்சி என்பதும் ஏற்புடையதே. ஆனால் பட்டிழை தரும் பட்டுப்பூச்சியோடு அதனைக் குழப்புதல் ஆகாது. பட்டுப்பூச்சி அந்துப்பூச்சி இனத்தது.

தனித்தனி இனங்களுக்குப் பெயர் வேண்டும்போதுதான் நம் வறுமை தெரிகிறது. தமிழகம் 2019ஆம் ஆண்டு தன் மாநில வண்ணத்துப்பூச்சியாக ‘தமிழ் மறவ’னை அறிவித்தது. எருக்கிலையைத் தின்று வளரும் மஞ்சட்பழுப்பு இனத்தை அங்குள்ள ஆர்வலர்கள் ‘வெந்தய வரியன்’ என்கின்றனர். நிறமும் வரியும் ஒருங்கே கண்முன் நிற்கும் நல்ல பெயர். சிங்கப்பூரிலோ, 2015ஆம் ஆண்டு தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனத்தின் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் ‘சாதாரண ரோஜா’ என்றாகும். கேட்பவர் பூந்தொட்டியைத் தேடுவார்.

அந்தப் பூச்சியின் புழு ஈசுவரமூலி இனக் கொடியைத் தின்று அதன் நஞ்சைத் தன் உடலில் சேர்க்கிறது. ஆதலால் பறவைகள் அதனைத் தீண்டுவதில்லை. அதன் தோற்றத்தையே மேற்கொண்டு தப்பிப் பிழைக்கும் வேறோர் இனமும் உண்டு. அதன் பெண்பூச்சிகளுள் சில, கறுஞ்சிறகு, வெள்ளைத் திட்டு, சிவப்புப் புள்ளி ஆகிய அனைத்திலும் நஞ்சுடையதைப் போலவே இருக்கும். அதன் புழு உண்பது கறிவேப்பிலையையும் எலுமிச்சை இலையையும். ஆக, நம் அடுக்குமாடி வீட்டு வாசல் தொட்டியில் இலையைக் கடித்துவிட்டதென்று நாம் கடிந்துகொள்ளும் புழு இவ்வேடதாரியின் குழந்தையாகவும் இருக்கலாம். சிறகைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். உடலைப் பார்த்தால் எளிது. நஞ்சுடையதன் உடல் சிவப்பு, வேடமிட்டதன் உடல் கறுப்பு. முன்னதற்குச் ‘செவ்வுடலி’ என்று நாம் ஒரு பெயர் முன்மொழிகிறோம். பின்னதற்குரிய பெயரை, கறிவேப்பிலைத் தொட்டியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சூட்டட்டும்.