மலையிறங்கும் வீடு: கியருக்கும் எடைக்கும் உள்ள கணக்கு

1931ஆம் ஆண்டு. அமெரிக்கப் பொறியியலாளர் கிளெஸ்ஸி கம்மின்ஸ், தம் நிறுவனத்தின் டீசல் இயந்திரம் எவ்வளவு திறமையானது என்பதை மக்களுக்குக் காட்ட விரும்பினார். அந்த இயந்திரம் பொருத்திய லாரியில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் நோக்கிப் புறப்பட்டார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கீழே சாலையின் குறுக்கே ரயில் பாதை; அதில் ஒரு ரயில் கடந்துகொண்டிருந்தது. மயிரிழையில் மோதாமல் தப்பியது லாரி.

நீண்ட இறக்கத்தில் கனமான வாகனங்களுக்கு இந்த ஆபத்து இன்றும் உண்டு. அவற்றுள் ஒன்று மோட்டார்ஹோம். படுக்கை, சமையலறை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள நகரும் வீடு அது. அமெரிக்காவில் விடுமுறைக்குச் செல்லும் பலர், மோட்டார்ஹோமின் பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துச் செல்வார்கள். அந்த ஓட்டுநர் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு எடையை இழுக்கலாம்? எந்தக் கியரில் ஓட்ட வேண்டும்?

எவ்வளவு இழுக்கலாம்?

தயாரிப்பாளர் மூன்று வரம்புகளைக் குறிப்பிடுவார். முதலாவது, பயணிகளும் பொருள்களும் ஏறிய பிறகு மோட்டார்ஹோம் மட்டும் இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. இரண்டாவது, மோட்டார்ஹோமும் இழுக்கப்படும் காரும் சேர்ந்து இருக்கக்கூடிய எடை. மூன்றாவது, பின்னால் உள்ள இணைப்புக் கொக்கி தாங்கும் எடை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மோட்டார்ஹோமின் வரம்பு 10,000 கிலோகிராம், இரண்டுக்கும் சேர்த்து 11,800, கொக்கிக்கு 2,200 என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் எழுதியிருப்பதைப் பார்த்து 2,000 கிலோகிராம் எடையுள்ள காரை இழுக்கலாம் என்று தோன்றும். ஆனால், மோட்டார்ஹோம் முழுச் சுமையோடு 10,000 கிலோகிராம் இருந்தால் மீதம் 1,800 மட்டுமே. 200 கிலோகிராம் அதிகம்! ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். தொட்டியிலுள்ள 200 லிட்டர் நீரை வெளியேற்றினால் கணக்கு சரியாகிவிடும். மூன்று வரம்புகளில் ஒன்றைக்கூட மீறக்கூடாது என்பதே விதி.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது?

மிதிவண்டியில் மேடேறும்போது கியரைக் குறைக்கிறோம். கால் வேகமாகச் சுழல்கிறது, ஆனால் மிதிப்பது எளிதாகிறது. மோட்டார்ஹோமின் கியர்பெட்டியும் இதையே செய்கிறது. குறைந்த கியரில் சக்கரத்தின் வேகம் குறைந்து முறுக்குவிசை கூடுகிறது.

தானியங்கிக் கியர்பெட்டிக்கு ஒரு சிக்கல் உண்டு. சுமை அதிகமாக இருக்கும்போது அது உயர் கியருக்குப் போகும்; வலு போதாமல் உடனே கீழே வரும்; மறுபடியும் மேலே போகும். இப்படி ஓயாமல் மாறினால் கியர்பெட்டியின் எண்ணெய் சூடேறித் தன் தன்மையை இழக்கும். இதைத் தடுக்கவே பல வாகனங்களில் 'டோ ஹால்' என்ற பொத்தான் உள்ளது. அதை அழுத்தினால் உயர் கியருக்கு மாறுவது தாமதமாகும். பல வாகனங்களில், இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் கியர் தானாகவே குறையும்.

இறக்கத்தில் 73 மெகாஜூல்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐசனோவர் சுரங்கச்சாலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மேற்கே இறங்கினால் சில்வர்தோர்ன் என்ற ஊர் வரும். அதன் உயரம் ஏறக்குறைய 2,750 மீட்டர். ஆக, இறக்கம் 650 மீட்டர்.

காரோடு சேர்த்து 11,500 கிலோகிராம் எடையுள்ள ஒரு மோட்டார்ஹோம் அங்கே இறங்குவதாகக் கொள்வோம். பள்ளியில் படித்த நிலையாற்றல் சூத்திரத்தைப் பயன்படுத்துவோம்: 11,500 × 9.8 × 650. விடை ஏறக்குறைய 73 மெகாஜூல். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே வாகனத்தின் இயக்க ஆற்றல் 3.6 மெகாஜூல்தான். அதாவது, அந்த வேகத்திலிருந்து 20 முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமமான ஆற்றல் இந்த ஓர் இறக்கத்தில் வெளிப்படுகிறது. 250 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்!

இந்த ஆற்றலில் ஒரு பகுதியைக் காற்றுத் தடையும் டயர்களின் உராய்வும் எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக்கே தாங்கினால் அது கடுமையாகச் சூடேறும். பிரேக் கட்டைகளின் உராய்வு குறையும். பிரேக் திரவம் கொதித்து அதில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். எனவே, மிதித்த விசை சக்கரத்தைச் சென்றடையாது.

இயந்திரமே பிரேக்

இங்கேதான் குறைந்த கியர் உதவுகிறது. எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்ததும், சக்கரங்கள் இயந்திரத்தைச் சுழற்றத் தொடங்குகின்றன. பெட்ரோல் இயந்திரத்தில் காற்று வரும் வழி ஏறக்குறைய மூடியிருப்பதால், உந்துதண்டுகள் காற்றை இழுக்கத் திணறுகின்றன. அந்தத் திணறலே வாகனத்தைத் தடுக்கிறது. கியர் குறையக் குறைய இயந்திரம் வேகமாகச் சுழலும், தடையும் கூடும்.

டீசல் இயந்திரத்தில் பொதுவாகக் காற்று வழி மூடுவதில்லை. அதனால் தடையும் குறைவு. கஹோன் கணவாயில் தப்பிய கம்மின்ஸ், பல ஆண்டுகளுக்குப் பின் இதற்கு வழி கண்டார். உந்துதண்டு காற்றை அழுத்தி மேலே வந்ததும் புகைபோக்கி வால்வைத் திறந்துவிட வேண்டும். அழுத்துவதற்கு ஆற்றல் செலவாகிவிட்டது. அழுந்திய காற்று வெளியேறிவிட்டதால் அந்த ஆற்றல் திரும்பி வராது. இந்தப் பிரேக்கை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வேகமும் முக்கியம். 7 விழுக்காடு சரிவில் நாம் மேலே பார்த்த வாகனம் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், ஒவ்வொரு விநாடியும் 158 கிலோஜூல் ஆற்றலைச் சமாளிக்க வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் அதுவும் பாதியாகும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தையும் கியரையும் குறைக்கச் சொல்வது இதனால்தான்.

கெந்திங் மலையிலிருந்தோ கேமரன் மலையிலிருந்தோ இறங்கும்போதும் இதே இயற்பியல்தான். அடுத்த முறை பேருந்தில் இறங்கும்போது காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். வேகம் கூடாமல் இயந்திரம் மட்டும் உறுமினால் பயப்பட வேண்டாம். ஓட்டுநர் குறைந்த கியரைப் போட்டிருக்கிறார். கடைசி வளைவில் தேவைப்படும் பிரேக்கைச் சூடேறாமல் காத்து வருகிறார்.